அக்கா ஒருக்களித்துத்தான் படுப்பாள்

அக்கா கூடாரத்தில் ஒரு ராத்திரி தங்கப் போவதாகச் சொன்னபோது நான் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மலாக்காவில், டுரியான் துங்காலில் உள்ள பல்கலைக்கழகத்தில் இருபது வருடமாக எனக்கு அந்த வேலைதான். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவளுடைய நடைக் குழுவில் எட்டுப் பேர் மலைக்குப் போகிறார்களாம். மேலே ஓர் ஓடைப் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு மறுநாள் இறங்குவார்களாம். தரையில் விரிக்க ஏதாவது வேண்டுமாம்.

"உங்கிட்ட யோகா பண்ற பாய் ஒண்ணு இருக்குல்ல, அது போதும்லா எனக்கு," என்றாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அத்தான் தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகன் சிங்கப்பூரில். பத்து பெரண்டாமில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தனியாக இருந்தாள். சனிக்கிழமை காலைகளில் அணைக்கட்டுச் சாலையில் நடக்கும் பெண்களோடு அவள் சேர்ந்ததே எனக்கு ஆச்சரியம். அதுவரை அவள் எங்கேயாவது நடந்தாள் என்றால் அது பசார் சந்தைக்கோ பஸ் நிற்கும் இடத்துக்கோதான்.

மகன் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். சித்தி கூட வந்தால் மட்டும் அம்மா மலைக்குப் போகலாம். அதனால் என்னையும் குழுவில் சேர்த்து, எனக்கு ஓர் இடமும் பிடித்து வைத்துவிட்டுத்தான் அக்கா எனக்கே போன் செய்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யோகா பாயை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு டைல்ஸ் தரையில் அதை விரித்தோம். அரை மணி நேரம் படுத்துப் பார் என்று சொல்லிவிட்டு நான் சமையலறையில் காய் நறுக்கினேன். திரும்பி வந்து கேட்டால், நல்லாத்தான் இருக்கு என்றாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்தாள். முதலில் ஒரு கையை ஊன்றினாள், பிறகு சோபாவின் காலைப் பிடித்தாள், பிறகு சோபாவின் கையைப் பிடித்தாள். நிமிர்ந்து நிற்கும்வரை முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. ஆனால் இடுப்பு எலும்பின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டேதான் சமையலறைக்கு வந்தாள்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, மரத்துப்போய்விட்டது என்றாள். வலியும் மரத்துப்போவதும் வேறு வேறு என்று அவள் ரொம்ப நாளாகவே வைத்திருந்தாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கணினி முன் உட்கார்ந்தேன். கூடாரத்தில் விரிக்கும் மெத்தைகளைப் பற்றி உலகத்தில் இத்தனை பேர் இவ்வளவு எழுதியிருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. ரப்பர் நுரைப்பாய், தானே காற்றை இழுத்து உப்பும் மெத்தை, ஊதி நிரப்பும் மெத்தை என்று மூன்று சாதி. தடிமன் எவ்வளவு, எடை எவ்வளவு, தரையின் குளிரை எவ்வளவு தடுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் எண்கள். நம் ஊரில் குளிரா என்று முதலில் சிரித்தேன். பிறகு, மழை பெய்து நனைந்த மலைத்தரை விடியற்காலையில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினேன்.

மூன்று நாள் படித்த பிறகும் ஒன்றும் பிடிபடவில்லை. அவசரப்பட்டு, இருப்பதிலேயே தடிமனாகத் தெரிந்த ஒன்றை ஆன்லைனில் வாங்கி நேராக அவள் வீட்டுக்கே அனுப்பினேன். என்னைக் கேட்டால் அது அன்பு. இப்போது நினைத்தால், கேட்காமல் கொடுப்பது என்ற குணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அக்காவிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அந்த மெத்தை வந்தது. அவள் வீட்டு ஹாலில் இருவரும் மாறி மாறி அதை வாயால் ஊதினோம். எனக்குத் தலை சுற்றியது. ஒரு வழியாக உப்பி நின்றபோது கோயில் திருவிழாவில் விற்கும் பலூனைப் போல இருந்தது. அக்கா அதன் மேல் ஏறிப் படுத்தாள். கொஞ்சம் அசைந்தாலும் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பது போல அது சத்தம் போட்டது. திரும்பிப் படுக்கப் போனவள் அப்படியே வழுக்கி டைல்ஸ் மேல் உருண்டு சோபாவின் காலில் போய் முட்டினாள். நான் பயந்து ஓடினேன். அவள் அங்கேயே கிடந்து சிரித்தாள். அத்தான் போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த மெத்தையை வாங்கியது தப்பு என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

"நல்லாத்தான் இருக்கு, நான் கயித்தைப் போட்டு கட்டிக்கிட்டுப் படுத்துக்கிறேன்," என்றாள்.

அதை என் மகனுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த சனிக்கிழமை அவளைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போனேன். மலாக்கா டவுனில், மலையேறுகிறவர்களுக்கான சாமான் விற்கும் சின்னக் கடை. மேல்தளத்தில் இரண்டு கூடாரங்களைக் கட்டிவைத்து, நடுவே கொஞ்சம் தரையைக் காலியாக விட்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த மலாய்ப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஏழெட்டு மாத வயிறு. படியேறி வந்ததில் எங்களைவிட அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. அக்காவை, பெரியம்மா என்பது போல, மலாயில் மக்சிக் என்று கூப்பிட்டு ஒரு நாற்காலியைக் கொடுத்துவிட்டு, தானும் எதிரில் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தாள்.

நான் படித்து வைத்திருந்த எண்களையெல்லாம் அவளிடம் ஒப்பிக்கத் தொடங்கினேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து மலாயில் மூன்று கேள்விகள் கேட்டாள். எவ்வளவு தூரம் இதை நீங்களே தூக்கிக்கொண்டு நடக்கப் போகிறீர்கள்? ஒன்றரை மணி நேரம் என்றாள் அக்கா. எழுந்து உட்காரும்போது எங்கே வலிக்கும்? அக்கா என்னைப் பார்த்தாள். இடுப்பு என்று நான் சொன்னேன். மூன்றாவது கேள்வி, நீங்கள் எப்படிப் படுப்பீர்கள், மல்லாந்தா, குப்புறவா, ஒருக்களித்தா?

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். ஒரு பரீட்சையில் படிக்காத பாடத்திலிருந்து கேள்வி வந்தது போல அவள் முகம் இருந்தது.

"தெரியலையே," என்று தமிழில் என்னிடம் சொன்னாள். "படுத்தா தூங்கிருவேன். யாரும் கேட்டதில்ல."

"ஒருக்களிச்சுத்தான்," என்றேன். "இடது பக்கமா. வலது கை தரையில ஊனியிருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷம் உன் முதுகுக்குப் பின்னாலதானே படுத்தேன்."

அந்தக் கடைப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ நடந்தது என்று புரிந்திருக்க வேண்டும்.

எனக்கு நான்கு வயதாக இருந்தபோது அம்மா இறந்துபோனார். அக்காவுக்குப் பதினாறு. நடுவில் இரண்டு அண்ணன்கள். டுரியான் துங்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில், ஒரு லயன் வீடு எங்களுக்கு. அப்பாவுக்கு முதுகு போய்விட்டதால் இருந்த ஒரே பலகைக் கட்டில் அவருக்கு. நாங்கள் நால்வரும் பின் அறையில் சிமெண்டுத் தரையில் பாயை விரித்துப் படுப்போம். பலமாக மழை பெய்தால் பின்கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும். அக்கா எப்போதும் கதவோரம்தான். கதவைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒருக்களித்துப் படுப்பாள். தண்ணீர் வந்தால் முதலில் அவள் கையில்தான் படும். அவள் எழுந்து சாக்கைச் சுருட்டி வாசலில் அடைத்துவிட்டு அதே இடத்தில், அதே ஈரத்தில், திரும்பவும் படுத்துக்கொள்வாள். காலையில் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு எழுந்து, எங்களுக்குச் சோறும் வைத்துவிட்டுப் போவாள். நான் ஒரு நாளும் நனைந்ததில்லை. நனையாமல் இருந்ததற்குக் காரணம் வேண்டும் என்றுகூட எனக்கு வெகுகாலம் தோன்றவில்லை.

கடையில் நின்றுகொண்டு இதையெல்லாம் நினைத்தபோது என் கண் கலங்கியது. கூடாரத்தின் ஜிப்பைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பும்தான் முழு எடையையும் தாங்கும், அதனால் மெல்லிய பாய் எதுவும் உதவாது என்று அந்தப் பெண் விளக்கினாள். ஆனாலும் எல்லாவற்றிலும் படுத்துப் பார்த்துவிடச் சொன்னாள். அக்காவுக்கு ஒரே கூச்சம். சுடிதாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, வேறு யாரும் மேலே வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு, கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

முதலில் விசிறி போல மடங்கும் நுரைப்பாய். இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்தாள். அடுத்தது தானே உப்பும் மெத்தை. அதில் படுத்ததும், நல்லாத்தான் இருக்கு என்றாள். அந்தப் பெண் அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டு, தன் கையை மெத்தைக்கு அடியில் அக்காவின் இடுப்புக்கு நேராக நுழைத்தாள். கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினாள். எலும்பு தரையைத் தொடுகிறது, இது வேண்டாம் மக்சிக் என்றாள்.

மூன்றாவது, ஊதும் மெத்தை. நான் வாங்கிய பலூன் மாதிரி இல்லை. ஒரு சாண் அகலப் பைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சுருட்டியிருந்தது. இதற்கு வாயால் ஊதக்கூடாது என்று சொல்லி, ஒரு பெரிய துணிப் பையில் காற்றைப் பிடித்து, பையின் வாயைச் சுருட்டி, அந்தக் காற்றை மெத்தைக்குள் தள்ளினாள். நான்கு தடவையில் நிரம்பிவிட்டது. இரண்டு ஓரங்களும் நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தன, உருண்டு விழாமல் இருப்பதற்காக. பிறகு அக்காவைப் படுக்க வைத்து, மூடியைத் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை வெளியே விட்டாள். கெட்டியாக வைத்துக்கொண்டால் தூக்கம் வராது, இடுப்பு கொஞ்சம் அமிழ வேண்டும், ஆனால் தரையைத் தொடக்கூடாது என்றாள். மறுபடியும் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை சிரித்தாள்.

என்னையும் கைவிட்டுப் பார்க்கச் சொன்னாள். அக்காவின் இடுப்புக்கும் தரைக்கும் நடுவே என் உள்ளங்கை சிரமமில்லாமல் போய்வந்தது.

நானும் அந்தப் பெண்ணும் பையின் எடையைப் பற்றியும், துளை விழுந்தால் ஒட்டுவதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அக்காவிடம் நிறம் கேட்கலாம் என்று திரும்பினேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். இடது பக்கமாக, முழங்காலை மடக்கி, வலது கையை முன்னால் ஊன்றி, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எழுப்பக் குனிந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். இரண்டு நாற்காலிகளையும் எடுத்து அக்காவின் கால்மாட்டில் வைத்து, யாரும் மிதித்துவிடாமல் அடைத்தாள். அப்போது ஒரு சீனக் குடும்பம் கூடாரம் பார்க்க மேலே வந்தது. அவர்களிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அவர்களும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அக்காவைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடாரத்தைப் பார்த்தார்கள். ஒரு கால் மணி நேரம், அந்தக் கடையின் மேல்தளத்தில் ஆறு பேர் என் அக்காவின் தூக்கத்துக்காக மெதுவாகப் பேசினோம்.

கண் விழித்தவள் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முந்தானை இல்லாத இடத்தில் முந்தானையைத் தேடினாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள். சோபா இல்லை, நாற்காலிக் காலைப் பிடிக்கவில்லை. தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.

"இதையே எடுத்துக்குவோம்," என்றாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லவில்லை.

மலைக்குப் போன நாள் காலையிலேயே வெயில். மலையடிவாரத்துக் கார் நிறுத்தத்திலிருந்து கிளம்பினோம். குழுவில் என்னைச் சேர்த்து ஒன்பது பேர். தலைவி ஒரு மருத்துவமனைத் தாதி, கறாரானவர். மற்றவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே சொன்னால் போதும். அவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, சிலோன் தமிழர், எழுபதை நெருங்கியவர். எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நடக்கும்போது யாருக்கும் பின்தங்காதவர். அக்காவுக்கு அவரிடம் ரொம்ப மரியாதை, கொஞ்சம் பயமும் உண்டு.

ஒன்றரை மணி நேரம் என்றது இரண்டரை ஆனது. மத்தியானம் ஓடைப் பக்கம் சமதரையில் கூடாரங்களைப் போட்டோம். தாதி எல்லோரையும் மெத்தைகளை அப்போதே ஊதிப் பார்த்துவிடச் சொன்னார். அந்த யோசனைக்கு நாங்கள் எல்லோரும் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் டீச்சருடைய மெத்தை ஊதிய அரை மணி நேரத்தில் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. அது அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, முதல் தடவை உபயோகிக்கிறார். எங்கேயோ முள் குத்தியிருக்கிறது. டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும். அவள் எங்கள் கூடாரத்துக்குள் குனிந்து தன்னுடைய மெத்தையை வெளியே இழுத்தாள்.

"டீச்சர், நீங்க இதை எடுத்துக்குங்க. நான் எங்க வேணும்னாலும் படுத்துக்குவேன், எனக்குப் பழக்கம்தான்."

"வேணாம்," என்று நான் சொன்னேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஓடைச் சத்தத்தையும் மீறி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. நான் நிறுத்தியிருக்கலாம், முடியவில்லை. "உனக்கு வாங்கினது அது, அக்கா. நீதான் அதுல படுக்கணும்," என்றேன். எழுபது வயதுப் பெண்மணிக்கு மெத்தை கொடுக்க விடாமல் அக்காவைத் தடுக்கும் தங்கை என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அப்படித்தான் நானும் என்னை நினைத்துக்கொண்டேன்.

டீச்சர்தான் பேசினார். "தங்கச்சி சொல்றது சரி. உங்கட மெத்தையில நான் படுத்தா எனக்கு நித்திரை வராது. அதை உள்ளுக்க வையுங்கோ."

அக்கா மெத்தையைப் பிடித்தபடி நின்றாள். கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிறகு தன் மெத்தையை உள்ளே வைத்தாள். வெளியே வந்து டீச்சருடைய மெத்தையைக் கையில் வாங்கினாள். அதன் துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தாள்.

"அப்ப ஓட்டையைக் கண்டுபிடிப்போம், டீச்சர்," என்றாள். "எனக்கு அதான் வேலை."

உண்மையிலேயே அவளுக்கு அதுதான் வேலை. தொழிற்சாலையில் அவள் செய்தது கையுறைகளில் கசிவு பார்ப்பது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் சிலவற்றை எடுத்துக் குழாயில் மாட்டி, தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டு, எந்த விரலிலாவது ஒரு சொட்டு வருகிறதா என்று பார்ப்பது. ஊசிமுனை ஓட்டைகூடத் தப்பக்கூடாது, ஏனென்றால் அதைப் போட்டுக்கொண்டுதான் டாக்டர் கத்தியைப் பிடிப்பார். வீட்டில் அவள் அந்த வேலையைப் பற்றிப் பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

மெத்தையை மறுபடியும் கல் மாதிரி ஊதச் சொன்னாள். ஷூவைக் கழற்றிவிட்டு முழங்கால் ஆழத்துக்கு ஓடையில் இறங்கினாள். மெத்தையின் ஒரு மூலையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். ஓடுகிற தண்ணீரில் குமிழ் தெரியாது என்று, பாறைக்குப் பின்னால் தேங்கிய இடத்துக்கு நகர்ந்தாள். ஒரு சாண், ஒரு சாணாக அமுக்கிப் பார்த்தாள். டீச்சர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். பாதி மெத்தை முடிந்தது. ஒன்றுமில்லை. தாதி, போதும் விடுங்கள், நாம் எல்லோருடைய துணிகளையும் போட்டு ஏதாவது செய்யலாம் என்றார். அக்கா கன்னத்தை மெத்தையின் மேல் ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்ல நகர்த்தினாள். ஒரு இடத்தில் நின்றாள். அந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டு தண்ணீருக்குள் இறக்கி விரலை எடுத்தாள்.

மிளகு அளவுக்குக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.

கரையில் நின்றவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. பேனா இருக்கா என்று கேட்டாள். ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டாள். மெத்தையின் உறைக்குள் இன்னும் பிரிக்காத ஒட்டுத் துண்டுகள் இருந்தன. அந்த இடத்தைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, கை கழுவும் கிருமிநாசினியைப் போட்டு இன்னொரு தடவை துடைத்து, ஒட்டினாள். அதன் மேல் தட்டையான ஒரு கல்லைத் துணியில் சுற்றி வைத்தாள். சாயங்காலம்வரை யாரையும் தொட விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சரும் கூடவே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடம் எத்தனை கையுறை பார்த்திருப்பீர்கள் என்று டீச்சர் கேட்க, அக்கா சொல்லத் தொடங்கினாள். ரப்பர்ப் பாலின் வாசனை கைவிட்டுப் போகாதது, இரவு ஷிப்டில் தூங்காமல் இருக்க எல்லோரும் மாறி மாறிப் பாடியது, ஒரு தடவை ஒரு கட்டு முழுவதையும் அவள் வேண்டாமென்று ஒதுக்க சூப்பர்வைசர் சண்டை போட்டதும், பிறகு அவரே வந்து மன்னிப்புக் கேட்டதும். நான் கொஞ்சம் தள்ளி அரிசி களைந்துகொண்டிருந்தேன். எல்லாமே எனக்குப் புதிது.

கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க நான் சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்க விடவில்லை. சாப்பிடும்போது என் தட்டில் அப்பளத்தை எடுத்துவைத்தாள், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒட்டு தாங்கியது. டீச்சர் தூங்கினார். அக்காவும் என் பக்கத்தில் படுத்ததும் தூங்கிவிட்டாள், மூடியைத் திருகி அந்தக் கடைப் பெண் சொல்லிக்கொடுத்த அளவுக்குக் காற்றை வெளியே விட்ட பிறகு. எனக்கு யோகா பாய்தான். என் தோளும் இடுப்பும் அதன் குணத்தை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டன.

விடிவதற்கு முன்பே, சூரிய உதயம் பார்க்க உச்சிப் பாறைக்குப் போக வேண்டும் என்று தாதி எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வந்தார். எங்கள் கூடாரத்தின் வாயில் தலையை நீட்டியவரிடம், அக்காவை எழுப்ப வேண்டாம் என்றேன். அவர்கள் எல்லோரும் போனார்கள். நானும் டீச்சரும் மட்டும் கீழேயே இருந்துவிட்டோம். அடுப்பைப் பற்றவைத்து, பாத்திரம் தட்டாமல் தண்ணீர் கொதிக்கவைத்தோம். டீச்சர் தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்து வெட்டினார். கூடாரத்தின் வலைக்கு அந்தப் பக்கம் அக்கா தூங்குவது எனக்குத் தெரிந்தது. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் வந்து அவள் காலில் விழுந்தது, பிறகு இடுப்பில், பிறகு முகத்துக்குக் கிட்டே. அவள் அசையவில்லை.

எட்டரை மணிக்குத்தான் எழுந்தாள். எல்லோரும் போய்விட்டுத் திரும்பியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் பதறினாள்.

"ஏன்டி என்னை எழுப்பலை? மலைக்கு வந்துட்டு சூரியனைப் பார்க்காமயா போறது?"

கோப்பியைக் கையில் கொடுத்தேன். மெத்தையின் மேலேயே காலை நீட்டி உட்கார்ந்து குடித்தாள். அக்கா தங்கைக்குள் நன்றி என்ற வார்த்தை எங்கள் பேச்சில் இல்லை. சொன்னால் அவள் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஜாம் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அவள் தலைமுடியில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது, அதை எடுத்துப் போட்டேன்.

இறங்கும்போது அக்காவும் டீச்சரும் முன்னால் போனார்கள். அடுத்த மாதம் கோலா சுங்கை பாருவில் கடற்கரை ஓரமாகக் கூடாரம் போடலாமா, மணலில் மெத்தையிலிருந்து இன்னும் கொஞ்சம் காற்றை வெளியே விட வேண்டுமா என்று இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள். டீச்சர் தன் பழைய மாணவி ஒருத்திக்கு அங்கே வீடு இருக்கிறது என்றார். அக்கா அப்படியானால் மீன் நல்லதாகக் கிடைக்கும் என்றாள். நான் கடைசியாக வந்தேன். என் தோளில் பை அழுத்தியது. அடிவாரத்தை அடைந்தபோது அவர்கள் கடைக்குப் போய் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு வாங்கி, எனக்கும் ஒரு பொட்டலத்தை வைத்துக்கொண்டு, சாலையோரத்து மரத்தடி பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள்.